செல்லக்குட்டி புருஷன் கேட்ட வேலை

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். வெளிய போனா சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுத்துடுங்க.

நேத்து நான் சிரிச்சதுக்குத் தூக்கத்துலகூட மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க. எலக்ட்ரீஷியன் வேலைக்கு ‘செல்லக்குட்டி புருஷன்’ங்கிற ஈமெயில்ல இருந்து விண்ணப்பம் வந்தா, எந்த மேனேஜர் நம்பி மெயின் போர்டுல கை வைக்க விடுவார்? உங்க பேரும் இனிஷியலும் மட்டும் போட்டு இன்னிக்கே புதுசா ஒண்ணு ஆரம்பிங்க.

கல்யாணமான புதுசுல நாம சேர்ந்து வச்ச பேரு, விட மனசு வரலைன்னீங்க. யாரு விடச் சொன்னா? அது பாட்டுக்கு இருக்கட்டும். இனி அதுக்கு நான் மட்டும் எழுதுறேன்.

பி.கு.: பஸ்ஸுக்கு நிக்கும்போதே ஒண்ணு அனுப்பிடுவேன். விண்ணப்பத்தை அனுப்பிட்டு அப்புறமா திறந்து பாருங்க.