கடலுக்குத் துறைமுகத்தின் பெயர்

லா சப்பல், 12.10.2012

அன்புள்ள அப்பாவுக்கு,

கால்வீக்கம் வற்றிவிட்டதா? நான் சுகம். எங்கள் ஆங்கில ஆசிரியை ஸ்கொட்லாந்துக்காரி. அவருடைய கேலிக் மொழியில் பெருங்கடலுக்கு ‘குவான்’ என்று பெயர். அயர்லாந்தில் அதே சொல் துறைமுகத்தைக் குறிக்குமாம். அதுதான் பழைய பொருளாம். துறைமுகத்தின் பெயர் எப்படிக் கடலுக்குப் போனது என்று கேட்டேன். “எனக்கும் தெரியாது, நீயே கண்டுபிடி” என்று சிரித்தார். இன்னும் தேடுகிறேன்.

நேற்றுச் சித்தப்பா சித்தியிடம், “அண்ணை ஆஸ்திரேலியாவுக்குப் படகில போறார். பிள்ளையிட்டைச் சொல்லிப்போடாதை, அழுவாள்” என்றார். நான் அழவில்லை. ஆனால் பயமாக இருக்கிறது. ஏறாதீர்கள், அப்பா.

தொலைபேசியில் பேசும்போது சித்தப்பா பக்கத்திலேயே இருப்பார். “அங்கை மழையோ?” என்று கேட்பேன். ஏறமாட்டீர்கள் என்றால் “ஓம்” என்று மட்டும் சொல்லுங்கள்.

சித்தி எழும்பிவிட்டா.

கஜனி