தட்டில் இல்லாத பெயர்

அம்பிட்டிய,
14.09.1975

அன்பின் அழகையாவுக்கு,

இராமநாதன் எழுதுகிறேன். நீயும் அம்மாவும் கோத்தகிரியில் குடியேறிவிட்டதாக உன் அக்கா பேச்சியம்மா சொன்னார். அங்கும் தேயிலைதான், அங்கும் குளிர்தானாம். அம்மாவின் மூட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது?

நம் இசைத்தட்டு ஜூலையிலேயே வெளிவந்துவிட்டது. இரண்டு மாதமாக உனக்குச் சொல்லாமல் இருந்தேன். வேலை அதிகம் என்று பொய் எழுத மனம் வரவில்லை. நகரசபைக் கந்தோர் மேசையில் எனக்கு எவ்வளவு குறைவான வேலை என்று உனக்குத் தெரியும்.

ஒரு பக்கம் ‘மழை விட்டதும் வா’, மறுபக்கம் பாட்டில்லாமல் நம் கிட்டாரும் ட்ரம்ஸும். கண்டியில் தட்டுக் கடைக்காரர் முதல் வாரம் வாசலில் ஸ்பீக்கர் வைத்துப் போட்டார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் காலால் தாளம் தட்டினார்கள். வானொலியிலும் வந்தது. இது பாட்டா, கூச்சலா என்று ஒருவர் பத்திரிகையில் கேட்டிருந்தார். நீ இங்கே இருந்திருந்தால் படித்துவிட்டுச் சிரித்திருப்பாய்.

இனிச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பாடியது நீ. ஆனால் தட்டின் நடுவில் ஒட்டிய தாளில், பாடியவர் என்று என் பெயர்தான் இருக்கிறது.

நீயும் அம்மாவும் இந்தியாவுக்கென்று பேராதனைச் சந்தி நிலையத்தில் ரயில் ஏறிய மறுவாரம் இசைத்தட்டுக் கம்பனிக்காரர் என்னைக் கொழும்புக்குக் கூப்பிட்டார். இந்தியாவுக்குப் போய்விட்ட ஆளின் பெயரைப் போட்டால் கச்சேரிக்கு யாரை அனுப்புவது, இங்கே இருப்பவர் பெயரைப் போடுவோம் என்றார். நான் தலையாட்டினேன். தட்டே வராமல் போய்விடுமோ என்ற பயம் என்று நம் குழுவினரிடம் சொன்னேன். அது பாதிதான் உண்மை. என் பெயரை அச்சில் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

ஆகஸ்டில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்கள் கூப்பிட்டார்கள். நான் பாடினேன். இரண்டாவது அடியிலேயே பின்வரிசையிலிருந்து ஒருவன், “தட்டில பாடின ஆள் எங்க?” என்று கத்தினான். மண்டபமே சிரித்தது. தொண்டை சரியில்லை என்று மைக்கில் சொல்லிவிட்டு இறங்கினேன். அப்போதும் உண்மை சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிறு உன் அக்கா ஹந்தானைத் தோட்டத்திலிருந்து நடந்தே வந்தார். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை. “தேத்தண்ணிக் கடை ரேடியோவுல கேட்டேன் தம்பி. அது எங்க அழகையா கொரலு. பேரு மட்டும் ஒங்க பேர சொல்றாங்களே, ஏன்?” என்றார். கோபமே இல்லை. ஏதோ தவறு நடந்துவிட்டது, நான் விளக்கிச் சொல்வேன் என்று நம்பிக் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் உன் கடிதத்தை எடுத்து நீட்டினார். “என் பெயர் போட்ட தட்டு வரும், இராமநாதன் கட்டாயம் அனுப்புவான்” என்று அங்கே எல்லோரிடமும் சொல்லிவைத்திருப்பதாக எழுதியிருந்தாய். “இத அவனுக்கு நான் எழுத மாட்டேன். நீங்களே எழுதுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் லீவு போட்டுக் கொழும்புக்குப் போனேன். மறுபடி அச்சடிக்கும்போது பெயரை மாற்றுங்கள் என்று கெஞ்சினேன். விற்பனை நின்றுவிட்டது, இனி அச்சடிப்பதாக இல்லை என்றார்கள். வானொலிக்கு எழுதினேன். போன வாரம், பாடியவர் ஹந்தானை அழகையா என்று அறிவிப்பாளர் ஒரே ஒரு தடவை சொன்னார். அக்கா அதைக் கேட்கவில்லை.

குழு கலைந்துவிட்டது. பெரியதம்பி ட்ரம்ஸை விற்றுவிட்டான். என்னோடு பேசுவதில்லை.

இத்துடன் தட்டை அனுப்புகிறேன். என் பெயரைச் சுரண்டிவிட்டு உன் பெயரை எழுதலாமா என்று பிளேடைக் கையில் எடுத்தேன். அது இன்னொரு பொய்யாகிவிடும் என்று விட்டுவிட்டேன். நீ சொல்லிவைத்த ஆட்களுக்கு இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டு. பொய் சொன்னது நீ அல்ல என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

மன்னித்துவிடு என்று எழுத எனக்கு முகமில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். தட்டை உடைக்கத் தோன்றினால் உடைத்துவிடு. அதற்குமுன் எங்காவது ஒரு கிராமபோன் தேடி, அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு தடவை போட்டுக் கேள். ஊசி வைத்ததும், பாட்டுக்கு முன்னால், நீ மூச்சிழுக்கும் சத்தம் கேட்கும். அதை யாரும் என்னுடையது என்று சொல்லிவிட முடியாது.

அம்மாவுக்கு என் வணக்கம். முருகன் உங்களோடு இருக்கட்டும்.

நீ பதில் எழுதாவிட்டாலும்
உன் நண்பன்,
இராமநாதன்