மேஸ்திரி போடும் மார்க்

மே 3

அன்புள்ள குட்டிக்கு,

அப்பா கொண்டுவரும் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

போன வாரம் அப்பா உன்னிடம் ஒரு விஷயம் கேட்டாராம். நானும் அவரும் கல்யாணம் செய்துகொண்டு, நான் உங்கள் வீட்டுக்கே வந்துவிடலாமா என்று. நீ, "யோசிச்சுச் சொல்றேன், அவசரப்படுத்தாதீங்க" என்றாயாம். நல்ல பதில். நீ வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அப்பாவும் நானும் அப்படித்தான் பேசி வைத்திருக்கிறோம்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. எனக்கு ஒரு தலைபோகிற வேலை வந்திருக்கிறது! எங்கள் நூலகத்தின் கோடை விடுமுறை அலமாரியை இந்த வருஷம் என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு ஜாலியாகவும் இருக்க வேண்டும், நாலு விஷயமும் தெரிய வேண்டும். இதுதான் உத்தரவு. நேற்று பெட்டிகள் வந்தன. கத்தரிக்கோல் தேடப் பொறுமையில்லாமல் வீட்டுச் சாவியாலேயே கிழித்துவிட்டேன். சாப்பாட்டு நேரம் போனதுகூடத் தெரியாமல் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். தலைமை நூலகர் வந்து, "ஏம்மா, பிள்ளைங்களுக்கு எடுக்கறியா, உனக்கு எடுக்கறியா?" என்றார்.

நான் புத்தகம் எடுக்கும் விதம் இதுதான்: நடுவில் பிரித்து ஒரு பக்கம் படிப்பேன். கை தானாக அடுத்த பக்கத்தைப் புரட்டினால் அது தேறியது. ஆனால் என் கைக்கு வயதாகிவிட்டது. எனக்குப் பத்து வயதுக் கை ஒன்று கடனாக வேண்டும். தருவாயா? படித்துவிட்டுப் பத்துக்கு எத்தனை மார்க் என்று எழுதி அனுப்பு.

நீ தினமும் சாயங்காலம் ஜன்னலில் நின்று பறவை பார்ப்பதாக அப்பா சொன்னார். அதனால் பொட்டலத்தில் இருக்கும் நான்குமே பறவைப் புத்தகங்கள்.

அன்புடன்,
நூலக ஆன்ட்டி
(நாம் முதல் தடவை பார்த்தபோது நீ வைத்த பேர்தான்)


மே 10

நூலக ஆன்ட்டிக்கு,

வணக்கம். நான் நலம். அப்பாவுக்குச் சளி.

முதலில் ஒன்று கேட்கிறேன். இந்தப் புத்தகம் எல்லாம் லஞ்சமா? லஞ்சம் என்றால் சொல்லிவிடுங்கள். படிப்பேன், ஆனால் மார்க் போட மாட்டேன்.

என்னைக் குட்டி என்று எழுதாதீர்கள். குட்டி என்பது பூனைக்கு. வீட்டில் எல்லாரும் என்னை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள், எல்லாரையும் வேலை வாங்குகிறேனாம்.

பறவைப் புத்தகம் நான்குக்கும் சேர்த்து இரண்டு மார்க். எல்லாவற்றிலும் ஒரு தாத்தா வந்து, "குழந்தைகளே, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்கிறார். தெரிந்தால் எதற்குப் புத்தகம்? பக்கத்துக்குப் பக்கம் கீழே கேள்வி வேறு. பள்ளிக்கூடம் மாறுவேஷத்தில் வந்த மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. நான் ஜன்னலில் பறவை பார்ப்பதே இல்லை! எதிரில் பெரிய கட்டடம் கட்டுகிறார்கள். நான் கிரேன் பார்க்கிறேன். அப்பா ஒரு தடவைகூட வந்து நின்று பார்த்தது கிடையாது. அவராகவே பறவை என்று முடிவு செய்துவிட்டார். ஊர் ஊராகப் போய் எக்ஸ்ரே மெஷின் ரிப்பேர் பார்க்கிறார், உள்ளே இருப்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வெளியே இருப்பது தெரியாது.

கிரேன் தினமும் உயரமாகிக்கொண்டே போகிறது. யார் அதைத் தூக்கி வைப்பது? வேலை முடிந்ததும் எப்படிக் கீழே இறங்கும்? இதற்குப் புத்தகம் இருந்தால் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மேஸ்திரி

(உறையில் பதினோரு பின் அடித்திருக்கிறேன். அப்பா பிரித்தால் தெரிந்துவிடும்.)


மே 12

அன்புள்ள மேஸ்திரிக்கு,

பதினோரு பின்னையும் பிடுங்கியதில் என் நகம் ஒன்று போச்சு. அப்பாமீது சந்தேகம் வேண்டாம்.

லஞ்சமா என்று கேட்டிருந்தாய். இரண்டு நாள் யோசித்தேன். முதல் பொட்டலத்தில் கொஞ்சம் லஞ்சம் இருந்தது. உனக்கு என்னைப் பிடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் கட்டினேன். இந்தப் பொட்டலத்தில் இல்லை. கிரேன் எப்படி இறங்கும் என்று எனக்கே தெரிந்தாக வேண்டும்! இத்தனை வருஷம் எத்தனை கிரேனைத் தாண்டி நடந்திருப்பேன், ஒரு நாளாவது இதைக் கேட்டேனா?

நேற்று மூன்று பெட்டியையும் கவிழ்த்துத் தேடினேன். கிடைத்துவிட்டது. நடுவில் பிரித்தேன், கை புரட்டிக்கொண்டே போனது. விடையை நான் சொல்ல மாட்டேன். கூடவே இன்னும் மூன்று: வயிறு ஏன் உறுமுகிறது, ஏப்பம் எங்கிருந்து வருகிறது என்று உடம்பின் சத்தங்களைப் பற்றி ஒன்று, திருடனைக் கணக்குப் போட்டே பிடிக்கிற கதை ஒன்று, தெருவுக்கு அடியில் ஓடும் குழாய்களைப் பற்றி ஒன்று. எதிலும் தாத்தா இல்லை. சோதித்துவிட்டேன்.

அன்புடன்,
நூலக ஆன்ட்டி


மே 18

அன்புள்ள நூலக ஆன்ட்டிக்கு,

பத்துக்குப் பத்து!!! கிரேன் தன்னைத் தானே தூக்கிக்கொள்கிறது! தலையைக் கொஞ்சம் உயர்த்தி, கீழே வருகிற இடைவெளியில் ஒரு துண்டைச் செருகிக்கொள்கிறது. இறங்கும்போது ஒவ்வொரு துண்டாகக் கழற்றிக்கொண்டே இறங்குகிறது. கடைசியில் தரைக்குப் பக்கத்தில் வந்ததும் குட்டி கிரேன் ஒன்று வந்து மிச்சத்தைக் கழற்றும். அப்பாவிடம் சொன்னேன். "சும்மா அளக்காதே" என்றார். படத்தைக் காட்டினேன். அப்புறம் அவரே ஜன்னலில் வந்து நின்றார். குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

கணக்குத் திருடன்: எட்டு. திருடன் ரொம்ப மக்கு. இவனைப் பிடிக்கப் பெருக்கல்கூட வேண்டாம், கூட்டலே போதும்.

குழாய்: ஏழு. சாப்பிடும்போது படிக்கக் கூடாது.

உடம்புச் சத்தம்: பத்து. சனிக்கிழமை அம்மாவுக்குப் போனில் முழுசாகப் படித்துக் காட்டினேன். அப்பாவும் அம்மாவும் பிரிந்த பிறகு அம்மா தூர ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் போன் பண்ணும்போது சில நாள் எங்கள் இரண்டு பேருக்கும் பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. "சாப்டியா?" "சாப்டேன்." அவ்வளவுதான். இந்தத் தடவை ஏப்பம் பக்கம் வந்ததும் அம்மா சிரித்துச் சிரித்து இருமிவிட்டார்கள். அதுபோல் இன்னும் ரெண்டு அனுப்புங்கள். சீக்கிரம்! படித்த நான்கையும் இதோடு திருப்பி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மேஸ்திரி


மே 20

அன்புள்ள மேஸ்திரிக்கு,

என்ன நடந்தது தெரியுமா! உன் மார்க்கையும் நீ எழுதியதையும் சின்னச் சின்ன அட்டைகளில் அப்படியே எழுதி, ஒவ்வொரு புத்தகத்தின் மேலும் ஒட்டினேன். "மேஸ்திரி சொல்கிறார்" என்று தலைப்பு. காலையில் நான்கு பிள்ளைகள் வந்தார்கள். மத்தியானத்துக்குள் அலமாரியே மறைகிற அளவுக்குக் கூட்டம். "இந்தத் திருடன் நிஜமாவே மக்கா?" "ஏய், தள்ளுடி, நான்தான் முதல்ல பார்த்தேன்!" என்று ஒரே கூச்சல். தலைமை நூலகர் வாயில் விரலை வைத்துவிட்டு, அப்புறம் எடுத்துவிட்டார்.

உடம்புச் சத்தத்துக்குத்தான் பெரிய போட்டி. போனில் பேச ஒன்றும் இல்லாத அம்மா சிரித்துச் சிரித்து இருமியதைப் படித்துவிட்டு ஒரு பெண், "எங்கம்மாவையும் இப்படி இரும வைக்கணும்" என்று வாங்கிப் போனாள்.

எல்லாப் பெருமையும் உனக்கு. இதோடு இன்னும் மூன்று புத்தகம் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
நூலக ஆன்ட்டி


மே 25

நான் அதை உங்களுக்கு எழுதினேன். அலமாரிக்கு எழுதவில்லை.

மார்க்கை ஒட்டியிருந்தால் பரவாயில்லை. எங்கள் அம்மா இருமியது உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எதற்கு? பேச ஒன்றும் இருக்காது என்பதையும் ஒட்டிவிட்டீர்கள். அதை நான் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. பதினோரு பின் எதற்கு அடித்தேன்?

மூன்று புத்தகத்தையும் திருப்பி அனுப்புகிறேன். பிரிக்கவில்லை.


மே 26

அன்புள்ள மேஸ்திரிக்கு,

உன் கடிதம் வந்ததும் எல்லா அட்டைகளையும் எடுத்துவிட்டேன். உன் அம்மாவைப் பற்றி எழுதியிருந்ததைக் கிழித்துப் போட்டேன்.

நானும் யாரிடமும் எதையும் எளிதில் சொல்லாத ஆள். என் மேஜை டிராயரை வேறொருவர் திறந்தாலே எனக்குப் பொறுக்காது. அப்படிப்பட்ட நான் உன் டிராயரை நடுக் கூடத்தில் கொட்டினேன். சந்தோஷத்தில் செய்தேன் என்பது உண்மைதான். அதனால் உனக்கு வலித்தது குறைந்துவிடாது. படித்தவர்கள் மறந்துபோவார்கள் என்று சமாதானம் சொல்லவும் மனசு வரவில்லை. மன்னித்துக்கொள்.

நீ யோசித்துக்கொண்டிருக்கும் விஷயத்தில் இதையும் சேர்த்துக்கொள். சேர்ப்பதுதான் நியாயம்.

இந்தத் தடவை புத்தகம் எதுவும் வைக்கவில்லை.

அன்புடன்,
நூலக ஆன்ட்டி


ஜூன் 8

நூலக ஆன்ட்டிக்கு,

போன வாரம் நான் எழுதவில்லை. அப்பா வெறுங்கையோடு கிளம்பும்போது, "ஒண்ணுமே இல்லையாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டார். "போஸ்ட்மேன் கேள்வி கேட்கக் கூடாது" என்றேன். அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

புத்தகம் இல்லை என்றதும் முதலில் இன்னும் கோபம் வந்தது. அப்புறம்தான் புரிந்தது. அனுப்பியிருந்தால் படித்திருப்பேன். படித்திருந்தால் கோபம் போயிருக்கும். எனக்கு அப்போது கோபமாக இருக்க வேண்டியிருந்தது. இருந்தேன். இப்போது இல்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "என் இருமல் அவ்வளவு பேமஸ் ஆயிடுச்சா!" என்று திரும்பச் சிரித்தார்கள். அப்புறம், "பேசறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு எனக்கும்தாண்டி கவலை" என்றார்கள். அன்றைக்கு ரொம்ப நேரம் பேசினோம். நீங்கள் வருவதைப் பற்றியும். என்ன பேசினோம் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

இதோடு ஆறு அட்டை இருக்கிறது. நானே எழுதினேன். இது ஊருக்கு, ஒட்டிக்கொள்ளலாம். கிரேன் புத்தகத்தைக் கீழ்த்தட்டில் வையுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு எட்டட்டும். அந்த மூன்று புத்தகத்தையும் உடனே திருப்பி அனுப்புங்கள். இன்னும் நாலும் சேர்த்து அனுப்புங்கள், லீவு முடியப் போகிறது!

யோசித்து முடித்துவிட்டேன். என் புத்தகங்களோடு உங்கள் புத்தகங்களைக் கலக்கக் கூடாது. கேட்டு எடுக்கலாம், நானும் கேட்டுத்தான் எடுப்பேன். என்னைக் கேட்காமல் என் தலையைச் சீவிவிடக் கூடாது. சனிக்கிழமை நாலு மணிக்கு அம்மா போன் பண்ணுவார்கள். அப்போது நீங்கள் வேறு ரூமில் இருக்க வேண்டும், கதவைச் சாத்திக்கொண்டு.

மற்ற நேரமெல்லாம் எந்த ரூமில் வேண்டுமானாலும் இருக்கலாம்.

இப்படிக்கு,
மேஸ்திரி