முட்டைக்காரன் சொல்லும் இத்தாலிய உணவகங்கள்

அன்பு மகளுக்கு,

இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். உன் மாமனாரும் மாமியாரும் நான்கு நாள் நம் வீட்டில் தங்கிவிட்டு நேற்று மாலை கிளம்பிப் போனார்கள். உன் அம்மா போனில் பாதிதான் சொல்லியிருப்பாள், அதுவும் எனக்குச் சாதகமான பாதியை விட்டுவிட்டு. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் என் வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய நாற்பதாவது கல்யாண நாளுக்கு நல்ல இத்தாலியச் சாப்பாடு வாங்கிக் கொடுக்கச் சொல்லி, இன்டர்நெட்டில் பார்த்து ஐந்து உணவகங்களின் பட்டியலை உன் தம்பிக்கு அனுப்பினாய். கீழே ஒரு வரி வேறு, 'அப்பாகிட்ட கேக்காதே, எதச் சொன்னாலும் வம்பு பண்ணுவார்' என்று. அந்தப் புத்திசாலி பட்டியலைப் படித்துக் காட்டுவதற்குப் பதில் போனையே என் கையில் கொடுத்துவிட்டான். இருபத்தாறு வருஷமாக இந்த நகரத்து ஹோட்டல்களுக்கு முட்டை போடுகிறவன் நான். இந்த வாரம் வரை ஒரு கடையிலும் முன்வாசல் வழியாக நுழைந்ததில்லை என்பது உண்மைதான், ஆனால் சமையற்கட்டைப் பார்த்தவன் நானா, இன்டர்நெட்டா?

நீ முதலாவதாகப் போட்டது நீரூற்று வைத்த பெரிய கடை. 'தினமும் முட்டை சேர்த்துக் கையால் பிசைந்த பாஸ்தா' என்று வாசலில் எழுதி வைத்திருப்பவர்கள். முட்டை போடாத பாஸ்தாவும் உண்டு, அதில் குறையொன்றும் இல்லை, எனக்கும் தெரியும். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் சமையல்காரர்களைக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டவன். முட்டை போட்டுப் பிசைந்தால் ஆளுக்கு ஒரு முட்டையாவது வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு பேர் சாப்பிடும் அந்தக் கடை என்னிடம் வாங்குவது வாரத்துக்கு இரண்டு ட்ரே, அதாவது அறுபது முட்டை. வேறு யாரிடமும் வாங்குவதில்லை. பிறகு பாஸ்தா எங்கிருந்து வருகிறது? பின்வாசலில் மடித்துப் போட்டிருக்கும் பாஸ்தா கம்பெனி அட்டைப்பெட்டிகளைப் பார்த்தால் தெரியும். இதை உன் மாமனாரிடம் சொன்னேன். பதினொரு நாள் இத்தாலியைச் சுற்றிப் பார்த்த பேராசிரியர் ஆயிற்றே, சிரித்துவிட்டு, 'சம்பந்தி, சாப்பாட்டப் பத்தி நாக்குதான் சொல்லணும், முட்டைக் கணக்கு சொல்லக் கூடாது' என்றார். உன் தம்பியும் கூடச் சேர்ந்து சிரித்தான். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே யோசித்துப் பார்.

சரி என்று முதல் நாள் சாயங்காலம் அங்கேயே போனோம். பக்கத்தில் நின்று வயலின் வாசித்தார்கள். உன் மாமனார் முதல் வாய் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டு, இத்தாலியில் சாப்பிட்டது அச்சு அசல் இதேதான் என்றார். நான் எதிர்த்துப் பேசவில்லை. மறுநாள் மதியம் நான் சொல்லும் கடைக்கு எல்லோரும் வர வேண்டும், இதே பாஸ்தாவை அங்கே சாப்பிட்டுப் பார்க்க வேண்டும், நான் சொன்னது பொய் என்றால் இனி இந்த வீட்டில் சாப்பாட்டைப் பற்றி வாயைத் திறக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். அப்படித் தோற்றால் தனக்கு நிம்மதிதான் என்றாள் உன் அம்மா.

பேட்டரிக் கடைச் சந்தில் ஒன்பது மேஜை போட்ட கடை அது. உன் பட்டியலில் இல்லை. வாரத்துக்குப் பதினெட்டு ட்ரே வாங்குகிறார்கள், வாசலில் பெருமையாக ஒரு வரிகூட எழுதவில்லை. தள்ள வேண்டிய கதவை நான் இழுத்துக்கொண்டு நின்றதைச் சமையல்காரம்மா உள்ளேயிருந்தே பார்த்துவிட்டார், 'என்ன முட்டைக்காரரே, வழி மாறி வந்துட்டீங்களா' என்று கேட்டார். தட்டு வந்தது. அகலப் பட்டைகளாக வெட்டிய பாஸ்தா, மேலே வெண்ணெயும் சீஸும், வேறொன்றும் இல்லை, குறையை மறைக்க வழியே இல்லாத சாப்பாடு. உன் மாமனார் ஒரு வாய் போட்டார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை, குனிந்து தட்டைப் பார்த்தார். கடைசியில் ரொட்டியால் தட்டைத் துடைத்தும் சாப்பிட்டார். உன் மாமியார்தான் முதலில் வாய் திறந்து, 'ஏங்க, அப்ப நேத்து நாம சாப்பிட்டது என்னங்க' என்று கேட்டார். மாமனார் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். 'சம்பந்தி, நேத்துப் பேசினதெல்லாம் வாபஸ். இன்னொரு தட்டு சொல்லுங்க' என்றார். சொன்னேன். பக்கத்து மேஜைக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

ஆகவே உன் பட்டியலைத் திருத்திக்கொள். நீரூற்றுக் கடையை அடித்துவிடு. மூன்றாவதாக இருக்கும் பாலத்தடிக் கடைக்கு டிராமிசு என்ற இனிப்புக்காகப் போகலாம். இரண்டு நாள் ஆன முட்டை என்று சொல்லி என்னை இரண்டு தடவை வாசலோடு திருப்பி அனுப்பியவர்கள், அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை, இருந்தாலும் பச்சை முட்டை சேரும் பண்டத்தை அவர்களை நம்பித்தான் சாப்பிடலாம். ஐந்தாவது பீட்சாக் கடை. பீட்சாவுக்கு முட்டை வேண்டாம், எனக்குத் தெரியாததைப் பற்றி நான் பேசுவதில்லை. மற்ற இரண்டு கடைக்காரர்களும் வேறொருவரிடம் முட்டை வாங்குகிறார்கள், அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது.

நேற்று விடியற்காலை நான் வண்டியில் ட்ரேக்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது உன் மாமனார் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார், தானும் வரலாமா என்று கேட்டார். பின்னால் இடம் போதாமல் ஒரு ட்ரேயை அவர் மடியில் வைத்தேன். வேகத்தடை வந்தபோதெல்லாம் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டார். நீரூற்றுக் கடையின் பின்வாசலில் அந்த அட்டைப்பெட்டிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு வந்து ஏறிக்கொண்டார். பேட்டரிக் கடைச் சந்தில் ஆறு ட்ரே இறக்க வேண்டியிருந்தது. என் முழங்காலைப் பார்த்துவிட்டு, நீங்கள் வண்டியிலேயே இருங்கள் என்று சொல்லி ஆறையும் அவரே ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோய் வைத்தார். வீட்டுக்கு வந்ததும் காபிகூடக் கேட்கவில்லை, நேராக உன் அம்மாவிடம் போய், நூற்றெண்பது முட்டையில் ஒன்றுகூட உடையவில்லை என்றார்.

மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள், நீங்கள் மூவரும் எடுத்த காரியமெல்லாம் கைகூடி நன்றாக இருக்க வேண்டும். விடுமுறைக்கு வரும் தேதி முடிவானதும் மறக்காமல் எனக்கு எழுது, உன் தம்பிக்கு அல்ல. ஒன்பது மேஜைதான், முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
சொன்னதை நிரூபித்துக் காட்டிய
உன் அப்பா