நம் உப்பளத்தில் பறக்கும் கார் இறங்காது

மரக்காணம்,
12-6-2005

அன்புள்ள மகன் சிவஞானத்துக்கு,

நான் நலம், இரத்த அழுத்தம்கூட ஒழுங்காக இருக்கிறது. ஜெர்மனியில் நீயும் சரஸ்வதியும் நலமென்று நம்புகிறேன். உன் சித்தப்பா மகன் தட்சணாமூர்த்தி, நான் அவனை உப்பு வாரும் பலகையால் அடிக்க ஓங்கினேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். உன் காதுக்கும் வந்திருக்கும். பொய். பலகையை நான் தொடவே இல்லை. வெளியே போ என்று ஒரே முறை ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவன் வந்தது நிலம் கேட்டு. பறக்கும் கார் வருகிறதாம், சென்னையிலிருந்து புதுச்சேரி போகிறவர்கள் நடுவில் இறங்க நம் உப்பளமும் பக்கத்து நிலங்களும் வேண்டுமாம். நான் கான்வென்ட்டில் படித்தபோதே ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் இறக்கை வைத்த காரைக் காட்டி, பத்து வருஷத்தில் வீட்டுக்கு ஒன்று என்றார்கள். எனக்கு எழுபத்திரண்டு ஆகிறது, இவனும் அதே பத்து வருஷம் என்கிறான். கார் வழியில் நின்றால் தரை தாங்குகிறது, இறங்கித் தள்ளுகிறோம். ஆகாயத்தில் சும்மா நிற்பதற்கே எண்ணெய் எரிய வேண்டும், அது தீர்ந்தால் யார் தள்ளுவது? மோதினால் தாங்கும்படி கனமாகச் செய்தால் எழும்பாது, இலேசாகச் செய்தால் ஐப்பசிக் காற்றுக்கு நிற்காது. கோடு போட்ட சாலையிலேயே ஒழுங்காக ஓட்டத் தெரியாத ஜனங்களுக்குக் கோடே இல்லாத ஆகாயத்தைக் கொடுப்பதா என்று கேட்டேன். அதெல்லாம் இன்ஜினியருங்க பாத்துப்பாங்க பெரியம்மா என்று இளித்தான். உப்பு வாரிக்கொண்டிருந்த மலர்கொடி, மேல போறவன் எச்சி துப்புனா எந்தப் பாத்தியில விழும்னு கேளுங்கம்மா என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் வெட்கமில்லாமல் சிரித்தான். சிரித்துக்கொண்டே வழவழப்பான விளம்பரத் தாள் ஒன்றை நீட்டினான். அதில் கோட்டுப் போட்டுக்கொண்டு நீ. எங்கள் ஆலோசகர் என்று கீழே உன் பெயர். அப்போதுதான் வெளியே போ என்றேன். பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் கூனிமேட்டிலிருந்து, நம் பக்கத்து நிலத்துக்காரர் சைத்தூன் பீவி அதே தாளோடு வந்தார். உங்க புள்ள போட்டோ இருக்குதுன்னுதாம்மா எங்க வீட்டுக்காரரு நெலத்தை எழுதிக் குடுக்கறேன்னு நிக்கிறாரு, குடுக்கலாமா என்றார். கொடுக்காதீர்கள் என்றேன். அப்ப உங்க புள்ள பொய் சொல்றாராம்மா என்று கேட்டார். அவனிடமே எழுதிக் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற உனக்கு, நான் சொன்ன இத்தனையும் தெரியாதா?

பூமீஸ்வரர் உங்கள் இருவருக்கும் துணையிருப்பார். சரஸ்வதி இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று சொல். அந்தப் படத்தையும் பெயரையும் நீ கொடுத்தாயா, அவனாகப் போட்டுக்கொண்டானா? சைத்தூன் பீவியிடம் நான் காட்ட வேண்டும், அதனால் போன் வேண்டாம். உன் கையால் பதில் எழுது.

ஆசிகளுடன்,
உன் அம்மா
ஞானாம்பாள்