டெர்மினல் இரண்டில் அப்பா

ஜூன் 5, 2025. முனிர்கா, டெல்லி

ஞாயிறன்று சென்னையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். பையன் பெயர் ப்ரணவ். போட்டோவில் பரவாயில்லை. என் கவலையெல்லாம் அப்பாதான். விமானத் துறை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு யார் வந்தாலும் டெல்லி விமான நிலையத்தின் வரலாற்றைச் சொல்லாமல் விடமாட்டார்.

ஜூன் 7

ஏர்போர்ட்டுக்கு அவரே போவாராம்.

"பேசாம கூட்டிட்டு வாங்க, போதும்" என்றாள் அம்மா.

"பேசாம வந்தா ஊமைன்னு நினைக்க மாட்டாங்களா?"

ஜூன் 8, ஞாயிறு

போச்சு. எல்லாம் போச்சு.

அப்பா நேராக இரண்டாம் டெர்மினலுக்குப் போயிருக்கிறார். பழுதுபார்க்க ஏப்ரலிலேயே அதை மூடிவிட்டார்கள். "பந்த் ஹை, அங்கிள்" என்றானாம் காவலாளி. சஃப்தர்ஜங் விமான நிலையத்திலிருந்து ‘பாலம்’ விமான நிலையத்துக்கு 1962இல் விமானங்கள் மாறியது அப்பாவுக்குத் தெரியும். இந்த ஏப்ரலில் மாறியது தெரியாது!

அவர்கள் இறங்கியது முதல் டெர்மினலில். ப்ரணவ் எனக்கே போன் செய்தான்.

"உங்கப்பா எங்க இருக்காங்க?"

"மூடின டெர்மினல்ல."

சிரித்துவிட்டான். அப்பா போய்ச் சேரும்வரை பேசினோம். பெண் பார்க்கும் சபையில் இவ்வளவு பேச விடுவார்களா? டெல்லியை விட்டு வரமாட்டேன் என்றுகூடச் சொல்லிவிட்டேன். "யோசிக்கணும்" என்றான்.

அப்புறமாவது அப்பா வீட்டுக்கு வந்தாரா? சஃப்தர்ஜங் பக்கம் காரைத் திருப்பி, பழைய விமான நிலையத்தைக் காட்டி, "இதுதான் ஆரம்பம், சம்பந்தி!" சம்பந்தியாம்! அதுவரை அவர்கள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ‘பாலம்’ விமான நிலையத்துக்கு 1986இல் பெயர் மாறிய கட்டம் வருவதற்குள் ப்ரணவின் அம்மா தூங்கிவிட்டார். அவன் அப்பா சிவஞானம், "இங்க பாத்ரூம் எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டாராம். வீட்டுக்கு வந்து காபி குடித்ததும், ஊருக்குப் போய்ப் பதில் சொல்வதாகக் கிளம்பிவிட்டார்கள்.

ஜூன் 22

பதில் இல்லை. அப்பா சாப்பிடும்போதுகூடப் பேசுவதில்லை. பொறுக்காமல், "மூணாவது டெர்மினல் எப்பப்பா திறந்தாங்க?" என்று கேட்டேன்.

"விடுட்டி" என்று எழுந்து போய்விட்டார்.

எனக்கு ஏன் அழுகை வருகிறது? அந்தப் பையனுக்காகவா, இவருக்காகவா?

ஆகஸ்ட் 23

டெல்லிக்கு வருவதாக ப்ரணவ் நேற்று போன் செய்தான். ஏர்போர்ட்டுக்கு நானே போனேன். ப்ரணவ் தனியாக, இரண்டு பெரிய பெட்டிகளோடு வெளியே வந்தான். டெல்லியை ஒட்டிய குர்கானில் வேலை கிடைத்த பிறகு பதில் சொல்லலாம் என்று இருந்தானாம். மடையன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

"ரிட்டர்ன் டிக்கெட் என்னிக்கு?" என்றேன்.

"போடலை."