மச்சினன் மடியில் ஒரு காதுகுத்து

சிங்காநல்லூரில் தாராபுரம் பஸ் புறப்படும் நேரம், பக்கத்து இருக்கைக்காரர் கைக்குட்டையில் நீலகிரித் தைலம் தெளித்தார். உங்கள் அறையின் வாசனை அது, வக்கீலம்மா. தீராத சளி உங்களுக்கு. தைலக் கைக்குட்டையை மூக்கில் வைத்தபடியே கட்சிக்காரர்களிடம் பேசுவீர்கள். நீங்கள் இறந்தபின், ஆர்.எஸ்.புரத்தில் உங்கள் அலுவலகம் இருந்த மாடியில் பட்டுப்புடவை விற்கிறார்கள்.

உங்களிடம் வந்தபோது என்மேல் வரதட்சணைக் கொடுமை வழக்கு; ஜாமீனில் வெளியே இருந்தேன். மனைவி விவாகரத்து கேட்டிருந்தாள். மகள் அவளிடம். சனிக்கிழமைகளில் மட்டும் பார்க்கலாம் என்று குடும்ப நல நீதிமன்றம் விட்டிருந்தது. நான் அடித்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சாட்சி சொன்னவன் மனைவியின் அண்ணன். எங்கள் வீட்டில் வருடக்கணக்கில் விருந்து சாப்பிட்டவன். அவனை நான் இன்றும் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி நீங்களும் கேட்டதில்லை.

அப்போதுதான் மகளுக்குக் காதுகுத்து வந்தது. கோயில் அப்பன் வழிக் குலதெய்வம், தாராபுரம் பக்கம். ஆனால் குழந்தை உட்கார வேண்டியது தாய்மாமன் மடியில். என் ஜாமீன் நிபந்தனைப்படியோ, சாட்சியின் பக்கத்திலேயே நான் போகக் கூடாது. சனிக்கிழமை பார்க்கப் போகும்போது குழந்தையைக் காரில் ஏற்றிப் போய், வேறு யாரையாவது மாமனாக உட்கார வைத்து முடித்துவிடலாம் என்றார் என் சித்தப்பா. எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

நீங்கள் கைக்குட்டையை இறக்கினீர்கள். “ஏனுங்க, காது குத்தறது ஒரு நிமிச வேலை. கோர்ட்டுக்குச் சொல்லாம புள்ளையக் கொண்டு போனீங்கன்னா, அப்பறம் சனிக்கிழமையும் இல்லாமப் போயிருமுங்க.”

மனுப் போட்டு, அவனும் நானும் கோயிலுக்கு வர அனுமதி வாங்கினீர்கள். அவனுக்காக என் வக்கீலே வாதாடுகிறாரே என்று உங்கள்மேலும் ஆத்திரம்தான் எனக்கு.

கோயிலில் நான் வேலியோரம் நின்றேன். அவனிடம் பேசக் கூடாது என்பது உத்தரவு. ஊசி பட்டதும் மகள் வீறிட்டு, என் பக்கம் கை நீட்டினாள். அவன் தட்டிக் கொடுத்துப் பார்த்தான். அடங்கவில்லை. எழுந்து வந்தான். “புடிங்க மாப்ள” என்று என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனான்.

குழந்தைக்கு அப்பன் என்றாலே பயம் என்று பிறகு அவனே குடும்ப நல நீதிமன்றத்தில் கூண்டேறிச் சொன்னான். நீங்கள் எழுந்தீர்கள்.

“காது குத்துன அன்னிக்கு, அழுவற புள்ளைய யாரு கையில குடுத்தீங்க?”

அவன் தங்கையைப் பார்த்தான். “அவங்கப்பன் கையிலதானுங்க.”

உட்கார்ந்துவிட்டீர்கள். அடித்த கதையையும் கேளுங்கள் என்று பின்னாலிருந்து நச்சரித்தேன். “போதுமுங்க. இன்னுங் கேட்டா அவரு யோசிச்சுப் பேச ஆரம்பிச்சுருவாரு” என்றீர்கள்.

விவாகரத்து ஆனது. மகள் அம்மாவிடம்; வார இறுதியும் பாதி விடுமுறையும் என்னிடம். குற்ற வழக்கும் பின்னர் நிற்கவில்லை. ஆனாலும் அவன் சொன்னது பொய் என்று அவன் வாயாலேயே வரவைத்திருக்கலாம் நீங்கள். அந்தக் குறை எனக்கு உங்கள்மேல் இருக்கிறது.

போன வாரம் மகளைக் கொண்டுவந்து விட அவனே வந்தான். வருடக்கணக்காக நான் சேர்த்து வைத்த கேள்விகள் எல்லாம் வாய்வரை வந்துவிட்டன. மகள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“கூட்டிட்டுப் போக எப்ப வருவீங்க?” என்று மட்டும் கேட்டேன்.

“ஞாயித்துக்கெழம சாயங்காலம் வாரேனுங்க மாப்ள.”

கேட்டைச் சாத்திவிட்டு மகளோடு உள்ளே வந்தேன். மற்ற கேள்விகள் என்னிடமே இருக்கின்றன, வக்கீலம்மா.